ஓர் ஆணின் கையெழுத்து

பதுளைக் கந்தோரில் இருந்த தொழில் அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். "நீங்கள் சொல்லுறது சரியா இருக்கலாம் அம்மா. ஆனா ஒரு ஆம்பிளையாவது தன்ர சம்பளம் இவ்வளவு எண்டு எழுதிக் கையெழுத்து வைக்கோணும்" என்றார்.

எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஆணும் பெண்ணுமாக ஒரே லொறியில்தான் வெலிமடைக்கு மரக்கறி வேலைக்குப் போகிறோம். ஒரே பாத்தியில் கரட் பிடுங்குகிறோம், ஒரே அளவு மூட்டை தூக்குகிறோம். சம்பளம் மட்டும் எங்களுக்கு லொறியடியில், ஆண்களுக்கு முதலாளியின் ஸ்டோருக்குள். எவ்வளவு என்று கேட்டால், "ஒங்களுக்குக் குடுக்கிறதுதான்" என்பார்கள். ஆண்களுக்குக் கூடக் கொடுக்கிறார்கள் என்று எனக்கு நெடுநாள் சந்தேகம்; அதைச் சொல்லத்தான் கந்தோருக்குப் போயிருந்தேன்.

தாளோடு எட்டு ஆண்களிடம் போனேன். ஒருவருக்கு மாட்டுக்குப் புல் அறுக்க வேண்டும், இன்னொருவருக்குத் திடீரென்று கண் தெரியவில்லை. முதலாளிக்குப் பயந்த தொடைநடுங்கிகள் என்று மனதுக்குள் திட்டினேன். என் வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்கவில்லை. "எனக்கும் ஒன்னோட சம்பளந்தான்" என்று மூன்று வருடமாகச் சொன்னவரை நான் நம்பியிருந்தேன்; கூடக் கிடைப்பது மற்ற ஆண்களுக்குத்தான் என்று நினைத்தேன்.

அந்த வாரம் அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். சனிக்கிழமை முதலாளி அவருடைய நாலு நாள் சம்பளத்தை என்னிடமே கொடுத்தார். என்னுடைய ஆறு நாள் சம்பளமும் அதுவும் ஒரே தொகை.

வீட்டுக்கு வந்து காசையும் தாளையும் அவர் முன்னால் வைத்தேன்.

"ஏங்க, இவ்வளவு நாளும் மிச்சக் காசு எங்க போச்சு?"

"குடிச்சேன். எல்லா ஆம்பளையும் செய்றதுதானே."

"அப்ப இதுல கையெழுத்துப் போடுங்க."

"நான் போட்டா லயம் பூரா தெரிஞ்சிரும். ஒவ்வொருத்தியும் அவ புருஷன்கிட்ட கேப்பா. அவனுங்க என்னைய உசுரோட விடுவானுங்களா?"

அந்த எட்டுப் பேருக்கும் பெண்டாட்டியிடம்தான் பயம் என்று அப்போதுதான் புரிந்தது. அடுப்பில் கொதித்த கஞ்சியை அவர் தலையில் கொட்டியிருப்பேன், காய்ச்சல்காரர் என்று விட்டேன்.

திங்கட்கிழமை ஆண்கள் வருமுன்பே லொறியில் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "அக்கா, எந்த ஆம்பளையாச்சும் சொன்னாங்களா? எவ்வளவாம்?"

தொகை நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். ஊருக்கெல்லாம் நியாயம் கேட்டுத் திரிந்தவள் சொந்த வீட்டிலேயே மூன்று வருடம் ஏமாந்த கதையையும் சொல்ல வேண்டும். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"யாரும் சொல்லலம்மா" என்றேன். அந்த ஒன்பது ஆண்களோடு பத்தாவதாக நானும் வாயை மூடிக்கொண்டேன்.