முனுசாமி எறியாத இரண்டு அம்புகள்

போன வெள்ளிக்கிழமை எங்கள் உத்திரமேரூர் ஆபீஸில் அட்டெண்டர் முனுசாமிக்குப் பிரிவு உபசார விழா. 'நீங்க பழைய ஆள், ரெண்டு வார்த்தை பேசுங்க' என்று மைக்கை என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

நான் சொன்னது ஒரு பழைய கணக்கு.

எட்டு வருஷத்துக்கு முன்னால், பட்டாளத்திலிருந்து வந்த எங்கள் மேனேஜர் ஆபீஸில் ஒரு டார்ட்ஸ் போர்டு மாட்டினார். ஒரு முறைக்கு மூன்று அம்பு எறியலாம். 301-லிருந்து கழித்துக்கொண்டே வந்து, முதலில் பூஜ்யத்தைத் தொடுகிறவருக்கு வெற்றி. முனுசாமி பக்கத்துப் பெருநகர் கிராமத்தில் பயிர் வைக்கிற குடும்பம். அப்படி ஒரு போர்டை அதுவரை பார்த்ததே இல்லை. ஒரே மாதத்தில் அவரை ஜெயிக்க ஆளில்லை.

காஞ்சிபுரத்தில் ஆபீஸ்களுக்கிடையே போட்டி வந்தது. ஒருவரைத்தான் அனுப்பலாம். யாருக்குச் சராசரி அதிகமோ அவர் போகட்டும் என்றார் மேனேஜர். ஸ்கோர் நோட்டு என்னிடம்... மொத்தப் புள்ளிகளை, எத்தனை முறை எறிந்தார்களோ அதால் வகுத்தேன். மேனேஜருக்கு நாற்பத்துநாலு. முனுசாமிக்கு நாற்பத்துமூணு. பட்டியலை ஒட்டினேன்.

மறுநாளே உறைத்தது. முனுசாமி பெரும்பாலும் கடைசி முறையில் ஒரே அம்பில் ஆட்டத்தை முடித்துவிடுவார். மீதி இரண்டை அவர் எறியவே இல்லை — நானோ அதையும் முழு முறையாக எண்ணியிருக்கிறேன். எறிந்த அம்புகளை மட்டும் எண்ணி வகுத்தால், மூன்று அம்புக்கு அவருக்கு நாற்பத்தேழு; மேனேஜருக்கு அதே நாற்பத்துநாலுதான். சீக்கிரம் ஜெயித்ததற்குத் தண்டனையா?

போட்டிக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. போய்ச் சொல்ல வேண்டியதுதானே? என் பிரமோஷன் ஃபைல் மேனேஜர் மேஜையில் இருந்தது. சொல்லவில்லை. மேனேஜர் போனார்; முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினார்.

இதை மைக்கில் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். யாரும் கை தட்டவில்லை. முன்வரிசையில் முனுசாமியின் மனைவி அவரிடம் மெல்லக் கேட்டது மட்டும் காதில் விழுந்தது. "அப்ப புதுச் சட்ட தெச்சிக்கினியே, அது இதுக்கா?"

கூட்டம் கலைந்ததும் முனுசாமி என்னிடம் வந்தார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் சார். ஒரு அம்பு வுட்டதுக்கு மூணுன்னு போட்டுக்கீறீங்க. சொல்லலாம்னு உங்க மேஜைக்கு ரெண்டு வாட்டி வந்தேன்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க தலைய நிமித்தவே இல்லியே சார். சரி, உங்களுக்கும் தெரிஞ்சிதான் கீதுன்னு போயிட்டேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் கோபம் இல்லை.

இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.