ராத்தா தேர்ந்த அம்புமுனை

இது 1979இல் நடந்தது. ஆண்டைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. சூறாவளி அடித்தது அதற்கு முந்திய நவம்பரில். ராத்தாவின், அதாவது என் அக்காவின், மூத்த மகன் பிறந்தது 1980இன் தொடக்கத்தில். மாதத்தைத்தான் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நோன்புப் பெருநாள் கழிந்து, சிறுபோக வெள்ளாமையும் வெட்டி முடிந்திருந்தது என்பதால் செப்டம்பராக இருக்க வேண்டும். எனக்கு எட்டு வயது.

ராத்தா முழுகாமல் இருந்தாள். பார்க்க வந்த மாமி, "வாய்க்கு என்னகா ஆசயா இரிக்கி?" என்று கேட்டபோது, யோசிக்காமல் "மரை எறச்சி" என்று சொல்லிவிட்டாள். மரை என்றால் காட்டில் திரியும் பெரிய மான். பக்கத்தில் இருந்த மாமா அதைப் பிடித்துக்கொண்டார். அவர் உம்மாவின் தம்பி. காட்டோரத்தில் காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்தவர், வேட்டை தெரிந்தவர்.

"மரையா? உன்ட மாப்புள தறியில கட்டித்தான் புடிக்கோணும்!"

ராத்தாவின் மாப்பிள்ளையான மச்சான் மருதமுனைக்காரர், தறியில் சாரம் நெய்பவர். எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்கே குடிவந்திருந்தார். அப்படி வந்த புது மாப்பிள்ளைக்கு வீட்டில் நல்ல மரியாதை உண்டு. முதல் மீன் துண்டு அவருக்குத்தான். ஆனால் அந்த மரியாதை ஒரு சிரிப்பில் உடைந்துவிடக் கூடியது. எல்லோரும் சிரித்தோம். மச்சானும் சிரித்தார். சிரித்து முடித்து, "இன்ஷா அல்லாஹ், நான் கொண்டு வாறன்" என்றார். வாப்பாவின் முன்னால் சொன்ன சொல். அதைத் திருப்பி எடுக்க முடியாது.

மாமாவிடம் துவக்கு இருந்தது. ஆனால் குண்டு பட்டுச் செத்ததை வாப்பா வீட்டுக்குள் எடுக்கமாட்டார். முன்பொரு முறை மாமா கொண்டுவந்த இறைச்சியைப் பார்த்து, "உசிர் இரிக்கக்குள்ள அறுத்தயா?" என்று கேட்டார். மாமா தலையைச் சொறிந்தார். இறைச்சி குழிக்குள் போனது. அம்பு அப்படியல்ல. அல்லாஹ்வின் பெயரால் என்று பிஸ்மி சொல்லி விட்ட அம்பின் கூர் வெட்டி இரத்தம் ஓடினால், அறுக்கப் போகுமுன் உயிர் பிரிந்தாலும் சாப்பிட ஆகும் என்பது வாப்பா ஓதிப் படித்தது. ஆகவே அம்பு என்று முடிவாயிற்று.

காட்டோரத்து வேட்டைக்காரர் ஒருவரிடம் மாமா ஒரு வில் வாங்கிவந்தார். காரைதீவில் ஒரு கொல்லர் லொறி ஸ்பிரிங் தகட்டில் மூன்று முனைகளை மாதிரிக்கு அடித்துக் கொடுத்தார். ஒன்று வேப்பிலை போல ஒடுக்கம். ஒன்று வெற்றிலைக் கொழுந்து அளவு. மூன்றாவது பூவரசமிலை அகலம். எது பிடிக்கிறதோ அதிலே வேண்டிய மட்டும் அடித்துத் தருவதாகப் பேச்சு.

வளவில், சூறாவளியில் தலை முறிந்த தென்னையோடு ஒரு வாழைத் தண்டைச் சேர்த்துக் கட்டினார்கள். அயலவர்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்ததால் ராத்தா குசினி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. நான்தான் ஓடி ஓடிச் சேதி சொன்னேன்.

"எது நேராப் போன?"

"ஒடுக்கமானது. தண்டுல சதக்கெண்டு ஏறிட்டு."

"அகலமானது?"

"பாதி வழியில சாயிது. மாமா விட்டும் மூணு தரமும் பிழச்சிட்டு. காத்து புடிக்கிதாம். கிட்ட நிண்டாத்தான் படுமாம்."

"கிட்ட எண்டா? காட்டுக்குள்ள நடந்து போய் விட ஏலாதாமா? நல்லாக் கேட்டுட்டு வாகா."

நான் கேட்டு வந்து சொன்னேன். ஒடுக்கமான முனை என்றால் தடம் பார்த்துக் காட்டுக்குள் நடக்கலாம். அகலமானது என்றால் குளத்தடியில் மரத்தில் ஏறிக் குந்தி, மரை தண்ணீர் குடிக்கக் காலடிக்கு வரும்வரை பார்த்திருக்க வேண்டும். நடுவில் உள்ளதைப் பற்றி அவள் கேட்கவேயில்லை. அந்த வருடம் தடம் பார்த்துக் காட்டுக்குள் நடந்துபோன ஒருவர் கரடி பிறாண்டிய முகத்தோடு திரும்பிவந்து, சந்தைப் பக்கம் துவாயால் கன்னத்தை மூடிக்கொண்டு திரிந்தார். அவரைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை.

வாப்பாவுக்கும் மாமாவுக்கும் வாக்குவாதம் வந்தது. மாமா ஒடுக்கம் என்றார். "படாத முனையில என்ன ஹலால், என்ன ஹறாம்?" என்று வாப்பாவைக் கேட்டார். வாப்பா நடுவில் உள்ளதைக் கையில் எடுத்தார். சின்னக் காயத்தோடு மரை கண்ணுக்கு மறைந்து ஓடி, பிறகு செத்துக் கிடந்தால் அது எதனால் செத்தது என்று யார் சொல்வது? "சந்தேகமான எறச்சி எனக்கு வேணாம்."

மச்சான் மாமனாரின் முகத்தையும் மாமாவின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். இரண்டு பேரில் ஒருவரைப் பகைக்காமல் வாய் திறக்க வழியில்லை. கடைசியில், "ஆசப்பட்டவ சொல்லட்டும்" என்றார்.

மூன்று முனைகளையும் ஒரு தட்டில் வைத்து நான் குசினிக்குள் கொண்டுபோனேன். ராத்தா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, தயங்காமல் பூவரசமிலையைத் தொட்டாள்.

வாப்பாவே திகைத்துவிட்டார். "இவ்வளவு அகலம் வேணுமா புள்ள?"

"நல்லா வெட்டும் வாப்பா" என்றாள் உள்ளிருந்து.

மாமா தலையில் கை வைத்தார். "மருமகன், இனி நடக்கிற வேல இல்ல. கொரங்கு மாதிரி மரத்துல குந்துங்க."

மாமாவும் மச்சானும் ஒரு காலையில் போய் மறுநாள் காலையில் வந்தார்கள். மச்சானின் கழுத்தும் கைகளும் மரத்து முசுறு எறும்பு கடித்துத் தடித்திருந்தன. மரை வந்ததாம், கொம்பு வைத்த கிடாய். மச்சான் பிஸ்மி சொல்லி விட்டாராம். அம்பு காற்றில் படுத்துக் குளத்தில் விழுந்ததாம். மரை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போனதாம். மாமா இதை நடித்தே காட்டினார்.

வாப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கை பிழச்சிட்டோ மருமகன்?" என்றார்.

மச்சான் நிலத்தைப் பார்த்தார். அதற்குள் குசினி வாசலில் ராத்தாவின் குரல் கேட்டது.

"அவர்ர கையில என்ன பிழை? முனையத் தெரிஞ்செடுத்தது நான்தானே வாப்பா. எனக்கென்ன தெரியும் அம்பப் பத்தி?"

"அதச் சொல்லு!" என்றார் மாமா. "நான் அப்பவே சொன்னன். பொம்புளைட பேச்சக் கேட்டு முனை போட்டா இதுதான்." எல்லோரும் ராத்தாவைப் பார்த்துச் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார், இந்த முறை தலை நிமிர்ந்து. கொம்பு எவ்வளவு நீளம் என்று கையை விரித்துக் காட்டவும் தொடங்கிவிட்டார்.

எனக்கு அழுகை வந்தது. குசினிக்குள் ஓடினேன். ராத்தா மச்சானின் தடிப்புகளுக்குப் பூசத் தேங்காயெண்ணெயைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். ஏதோ பெருநாள் வந்ததுபோல இருந்தது அவள் முகம்.

"நான் சரியாத்தானே சொன்னன்? ஒடுக்கமானதுதான் நேராப் போகுதெண்டு?"

"ஓம்கா. நீ சரியாத்தான் சொன்னாய்."

"அப்ப ஏன் மத்தத எடுத்தாய்?"

"மறந்துட்டன் புள்ள. போ, மச்சானுக்கு இந்தத் தேத்தண்ணியக் குடு."

வயிற்றில் பிள்ளை இருந்தால் ஞாபகம் மட்டாகும் என்று மாமி சொல்லிக் கேட்டிருந்தேன். ராத்தாவை நினைக்கப் பாவமாக இருந்தது. அவள் பிறகு மரை இறைச்சியைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதையும் மறந்துவிட்டாள் என்றே எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து பிள்ளை பிறக்கும் வரைக்கும், ராத்தாவிடம் எதைச் சொல்வதானாலும் நான் இரண்டு தரம் சொன்னேன்.