அடுப்படிக்கு ஒரு பெட்டி

ஜெயபாலன் அண்ணனுக்குப் பாட்டு என்றால் ஊருக்கே கேட்க வேண்டும். தான் மட்டும் கேட்பதெல்லாம் ஒரு பாட்டா என்பது அவர் கட்சி. மலேசியாவில் காம்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அங்கே கோயில் திருவிழா வந்தால் ஒலிபெருக்கிக் குழாய் ஒன்றை தொழிலாளர் லயத்து வீடுகளைப் பார்த்தும், இன்னொன்றைக் கோயிலைப் பார்த்தும் கட்டுவார்கள். ஒருத்தரும் விட்டுப்போகக் கூடாது. இப்போது ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் எங்கள் அடுக்குமாடியில் இருக்கிறார். சிம்பாங் பூலாய் குவாரியில் லாரி ஓட்டுகிறார். கொள்கை மட்டும் மாறவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் நான், என்னைக் கேளுங்கள்.

அவருடைய மகள் ஷர்மினி கிள்ளானில் வேலை பார்க்கிறாள். அங்கே ஓர் உறுமி மேளக் குழுவில் பாடவும் செய்கிறாள். மேளம் அடிப்பவர்கள் அத்தனை பேரும் பையன்கள், பாடுவது இவள் ஒருத்தி. இந்தத் தைப்பூசத்துக்கு ஈப்போவில் காவடிக்கு முன்னால் பாட அந்தக் குழுவை அழைத்திருந்தார்கள். "அம்மா, நீங்க வந்து கேக்கணும்" என்று போனில் கெஞ்சிக்கொண்டே இருந்தாள். அவள் அம்மா செல்லாயி அக்கா அசைந்துகொடுக்கவில்லை.

"அந்த அடியில உன் கொரலு எங்கடி கேக்கப் போவுது? தொண்டையக் கெடுத்துக்கிட்டு அவனுங்க நடுவுல சும்மா நிக்கப் போற. அத வேற நான் வந்து பாக்கணுமா?"

அக்கா சொன்னதிலும் தப்பில்லை. ஷர்மினி அனுப்பிய பதிவை அண்ணன் கைப்பேசியில் போட்டுக் காட்டினார். யாரோ சட்டிபானையை உருட்டுவது போல இருந்ததே தவிர, பெண் குரல் என்று ஒன்று இருந்த மாதிரியே தெரியவில்லை. அக்கா எழுந்து போய்விட்டார். அண்ணன் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. மகள் பாடி அம்மா கேட்காவிட்டால் அந்தத் தைப்பூசம் அவருக்குத் தைப்பூசமே இல்லை.

"நல்ல ஸ்பீக்கர்ல கேட்டா அவ மனசு மாறிடும்லா. வா, டவுனுக்குப் போலாம்" என்றார்.

கையில் பணம் நானூறு வெள்ளிக்கு மேல் கிடையாது. ஆனாலும் கடைக்குள் நுழைந்ததும் ஆளுயரத்தில் கலர் விளக்கு மின்னிய பெட்டியின் முன்னால் போய் நின்றுகொண்டார். கடைக்காரர் வயதான சீனர், அப்பெக் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். வீடு எவ்வளவு பெரிசு என்று விசாரித்தார். நான் சொன்னேன். "டிண்டிங் கோயாங்லா!" என்று சிரித்தார். சுவரே ஆடிப்போகும் என்று மலாயில் சொல்கிறார்.

பிறகு மைலோ டின் உயரத்தில் இரண்டு கறுப்புப் பெட்டிகளை எடுத்து வைத்தார். அண்ணன் ஒன்றைக் கையில் தூக்கி எடை பார்த்தார். கனமாக இருந்தால் நல்ல சாமான் என்பது அவர் கணக்கு. பாட்டுப் போட்டதும் அந்தப் பெட்டியோடு காதை ஒட்டிக் கேட்டார். பின்பக்கம் எட்டிப் பார்த்தார். "இத்துனூண்டுல இம்புட்டு சத்தமா? உள்ள என்னத்தலா வச்சிருக்கான்?" என்று வாய் பிளந்தவர், கூடவே நீளமான வயர் ஒரு சுருளும் வாங்கினார்.

வயர் எதற்கென்று வீட்டுக்கு வந்ததும் தெரிந்தது. ஒரு பெட்டி ஹாலுக்கு, இன்னொன்று அடுப்படிக்கு. "அவளுக்கும் கேக்கணும்ல" என்றார். நானும் புத்திகெட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஷர்மினியின் பதிவைப் போட்டார். ஹாலில் அவள் குரல் கணீரென்று எழுந்தது. மேளம் அடுப்படிப் பக்கம் எங்கேயோ கேட்டது. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கேட்டியா செல்லாயி?" என்று குரல் கொடுத்தார்.

"கேட்டேன், கேட்டேன். ஒரே டமடம. உங்க மக எங்க?"

"காது என்ன அடச்சுப்போச்சா? தேனாட்டம் பாடுறா!"

"பெத்த பாசத்துல இல்லாதத எல்லாம் கேக்காதீங்க!"

சண்டை முற்றி, தீர்ப்புச் சொல்ல என்னைப் பிடித்து இழுத்தார்கள். அடுப்படியில் நின்று கேட்டேன், அக்கா சொன்னதுதான் சரி. ஹாலுக்கு வந்தேன், அண்ணன் சொன்னது சரி. எனக்குத் தலை சுற்றியது. அண்ணனே அடுப்படிக்குப் போய்க் கேட்டார். முகம் செத்துப்போய்த் திரும்பினார்.

"அப்பெக் ஏமாத்திட்டான் மச்சான். ஒரு பெட்டி கெட்டது."

திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான் என்று அடுப்படிப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து, டிவி மேசையில் மற்றதிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தார். கடையில் போய் என்ன கோளாறு என்று சொல்ல வேண்டுமே, கடைசியாக ஒருதரம் போட்டுப் பாருங்கள் என்றேன். அக்கா கையில் கரண்டியோடு வந்து எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார்.

அதை எப்படிச் சொல்வேன்! எதிர்ச்சுவர் காணாமல் போனது. இடப்பக்கம் பையன்கள் வரிசையாக நின்று அடித்தார்கள், எவன் முன்னால் எவன் பின்னால் என்றுகூடத் தெரிந்தது. வலப்பக்கம் ஜன்னலோரம் ஷர்மினி நின்றாள். குரல் பெட்டியிலிருந்து வரவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில், ஒன்றுமே இல்லாத வெற்றிடத்தில், ஒரு பெண் நின்று பாடுகிற உயரத்திலிருந்து வந்தது. மேளம் அதே மேளம்தான், அதே அடிதான், ஆனால் அவள் மேல் படவே இல்லை. இத்தனை வருஷமாகப் பாட்டுக் கேட்கிறேன், பாட்டுக்குள்ளே ஆட்கள் நிற்க இடம் இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மேளத்துக்கு ஒரு மைக், தனக்கு ஒரு மைக் என்று வைத்து, ஒன்று ஒரு பெட்டியிலும் மற்றது மற்றப் பெட்டியிலும் வரும்படி பதிவு செய்ததாக ஷர்மினி பிறகு சொன்னாள். அவளை ஹாலிலும் மேளத்தை அடுப்படியிலுமாகப் பிரித்து வைத்தது நாங்கள்தான். அப்பெக் மேல் ஒரு குற்றமும் இல்லை.

அண்ணன் கோயிலில் தீபாராதனை பார்க்கிறவர் போல நின்றார். அக்கா மறுபடி போடச் சொன்னார். அதற்கு மேலும் ஒருமுறை போடச் சொன்னார். அப்புறம் சட்டென்று கையைத் தூக்கி, "கேளுங்க" என்றார்.

இரண்டு அடிகளுக்கு நடுவில் ஷர்மினி மூச்சை இழுப்பது கேட்டது. அத்தனை மேளத்துக்கு நடுவில் அந்த ஒரு சின்ன மூச்சு. அக்கா கரண்டியை என் கையில் திணித்துவிட்டுக் கைப்பேசியை எடுத்தார். எதிர்முனைக் குரல் எங்களுக்கும் கேட்டது.

"ஷர்மினி, மேல தூக்கிப் பாடுறதுக்கு முன்னால மூச்ச அவசரமா இழுக்குற. பயமாடி?"

"ஆமாம்மா."

"பயப்படாத. நான் முன்னால வந்து நிக்கிறேன். என் மூஞ்சியப் பாத்துப் பாடு."