சின்னவள் போட்ட கட்டு

என் இரண்டு கால்களையும் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துக் கிழித்துச் சின்னத்தங்கச்சி சுற்றினாளே, அந்த இறுக்கம் இன்றைக்கும் என் விரல்களில் இருக்கிறது.

கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டையில் நாங்கள் மூன்று பெண்பிள்ளைகள். நான் மூத்தவள். அப்பா போன பிறகு வீட்டில் என் சொல்தான் நின்றது. அப்பா சொன்ன கதைகளில் மூத்த ராசகுமாரன் போய்க் கல்லாகிவிடுவான், நடுவிலானும் போய்க் கல்லாகிவிடுவான், ஒன்றுக்கும் உதவாதவன் என்று விட்டுப்போன கடைசிப்பயல்தான் இரண்டு பேரையும் மீட்டு வருவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் சின்னவளுக்குச் சோறூட்டும்போது கதையைத் திருப்பிப் போட்டுவிடுவேன், மூத்தவளே ஜெயிப்பாள். “அப்பா வேற மாதிரில்ல சொன்னாரு?” என்பாள். “அவருக்கு மறந்துபோச்சு, நீ முழுங்கு” என்பேன்.

பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா, நோனா என்றுதான் கூப்பிடுவோம், கல்யாணப் பெண்களுக்குச் சேலை உடுத்திவிடுகிறவர். வளர்ந்த பிறகு சின்னவள் எந்நேரமும் அங்கேதான் கிடந்தாள். “கண்டிச் சேலைக்கு மடிப்பு வைக்கப் படிச்சு என்னத்தக் கிழிக்கப் போற?” என்று நானும் ஏசாத நாளில்லை.

எண்பத்து மூன்றில், தமிழரைத் தேடித் தேடி அடித்த அந்த ஆடி மாதக் கலவரத்தில், ஒரு காலையில் கண்டிப் பக்கம் புகை எழும்பியது. நடுவிலவளின் புருஷன் வெளிநாட்டில் வேலை. என் வீட்டுக்காரர் கொழும்பில், ஒரு சேதியும் இல்லை. அக்குறணையில் அப்பாவின் சிநேகிதர், ஒரு முஸ்லிம் முதலாளி இருந்தார். அவர் வீட்டை எட்டிவிட்டால் பிழைத்தோம். வழியில் பஸ்ஸை நிறுத்தித் தமிழ் ஆள் இருக்கா என்று பார்க்கிறார்கள் என்று சொன்ன நோனா, மூன்று சேலைகளைக் கையில் தந்துவிட்டுப் போனார். எனக்குக் கை கால் ஓடவில்லை. சின்னவள் நின்றாளா? எங்களைச் சுழற்றிச் சுழற்றிக் கண்டிச் சேலைக்கட்டில் உடுத்தினாள், கொசுவம் இடுப்பில் விசிறியாய் நின்றது. பொட்டை அழித்தாள், தாலியை ரவிக்கைக்குள் தள்ளினாள். அப்புறம்தான் எங்கள் கால்களைப் பார்த்தாள்.

“ஐயையோ, மெட்டி! சிங்கள ஆளுங்க போடமாட்டாங்க. கழட்டுங்கக்கா!”

நடுவிலவள் மறுபேச்சில்லாமல் கழற்றிவிட்டாள். நான் காலை இழுத்துக்கொண்டேன். புருஷன் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத நேரத்தில் என் கையால் கழற்றுவேனா? “என்னைய விட்டுட்டு நீங்க போங்க” என்றேன்.

“போறதுன்னா மூணு பேரும் போறோம்!” என்றாள். அப்போதுதான் வேட்டி கிழிந்தது. இரண்டு காலிலும் எண்ணெய் தடவி, மெட்டிக்கு மேலேயே பெரிய கட்டு. “சோத்துப்பான கவுந்து கால் வெந்துபோச்சு. நொண்டுங்க. வாய மட்டும் தொறந்துறாதீங்க, உங்க சிங்களத்தக் கேட்டா மூணு பேரும் காலி.”

ஒரு வளைவில் பஸ் நின்றது. தடியோடு இரண்டு பேர் ஏறினார்கள். ஒருவன் என் கால்களையே பார்த்தான். அதற்குள் சின்னவள் சிங்களத்தில் பிடித்துக்கொண்டாள். “இந்த அக்காவுக்குச் சொன்னது காதில் ஏறாது, பதறிப்போய்ப் பானையை இறக்கினாள், இப்போது நாங்கள் தூக்கிச் சுமக்கிறோம்” என்று பஸ் முழுக்கக் கேட்க என்னை ஏசினாள். என்னை! நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் “அனே, பாவம்!” என்று இரக்கப்பட்டான். உட்கார்ந்திருந்த ஒரு ஆளைத் தட்டி எழுப்பி, எனக்கு இடம் கொடுக்க வைத்துவிட்டு இறங்கிப்போனான். ஆள் தேடி வந்தவன் தந்த இருக்கையில், ராணி மாதிரி உட்கார்ந்து போனேன் நான்! இப்போது நினைத்தாலும் நெஞ்சு துள்ளுகிறது.

என் வீட்டுக்காரர் இரண்டு கிழமை கழித்து உயிரோடு வந்து சேர்ந்தார். இன்றைக்கு முழங்கால் வலியில் உண்மையாகவே நொண்டுகிறேன். மருந்தெடுக்கக் கைபிடித்துக் கூட்டிப்போகிற சின்னவளுக்கும் தலை நரைத்துவிட்டது. “அன்னைக்கு இவ்வளவு நல்லா நடிக்கலயேக்கா” என்று சிரிப்பாள்.

அன்றைக்கு அக்குறணையில் போய் இறங்கியதும் முதலாளியின் மனைவி வாசலுக்கு ஓடிவந்தார். எங்கள் உடுப்பைப் பார்த்து முதலில் திகைத்து, பிறகு முகம் தெரிந்து, “யா அல்லாஹ், நீங்களா புள்ளேகள்! ஆரு கூட்டிக்கொண்டு வந்த?” என்றார். நடுவிலவள் பழக்கதோஷத்தில் என் முகத்தைப் பார்த்தாள். சின்னவளோ படியில் குந்தி என் கால் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். தான் போட்ட முடிச்சு அவளுக்கே பிடிபடவில்லை.

“எங்க சின்னவ” என்றேன். தெருவுக்கே கேட்கிற மாதிரி.