அசை போடாத செவலையும் ஓடாத இருபத்தெட்டு கிலோமீட்டரும்

போன வருடம் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்து, மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து, பந்தயத்தன்று கட்டிலில் கிடந்தவன் நான். உடம்பு வேண்டாம் என்று மூன்று நாள் சொல்லியும் ஓடியதில் முதலில் காய்ச்சல், பிறகு ஆறு வாரம் இருமல். காய்ச்சலோடு ஓடினால் இதயத்துக்கே ஆபத்து என்று டாக்டர் திட்டினார். வீட்டில் திட்டியதை இங்கே எழுத முடியாது. இந்த வருடப் பந்தயத்துக்கு ஐந்து வாரம் இருந்தபோது, மேட்டில் ஓடிப் பழக மூன்று நாள் விடுப்பு போட்டு ஜவ்வாது மலைக்குக் கிளம்பினேன். ஆடி முதல் வாரம்.

வேலூரில் காலை 5.30க்கு பஸ் ஏறி ஏழு மணிக்குப் போளூர். இரண்டு இட்லி, ஒரு வடை, காபி, ஐம்பது ரூபாய். 7.40க்கு ஜமுனாமரத்தூர் பஸ் கிடைத்தது. சுமார் நாற்பது கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. வளைவுகளில் தலை சுற்றுகிறவர்கள் முன்பக்கம் உட்காருங்கள். ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, கோவிந்தன் வீட்டில் தங்கினேன். சாமை விவசாயி, என் வயதுக்காரர். ஒரு அறையை வாடகைக்கு விடுகிறார். அவர் மனைவி ராஜியின் சமையலோடு நாளுக்கு எழுநூறு ரூபாய்.

அன்று எட்டு கிலோமீட்டர் மெதுவாக ஓடினேன். மறுநாள்தான் நான் வந்த வேலை: காட்டுப் பாதையில் இருபத்தெட்டு கிலோமீட்டர்.

இங்கே ஹெச்.ஆர்.வி. எனும் இதயத்துடிப்பு மாறுபாடு பற்றிச் சொல்லியாக வேண்டும். இதயம் கடிகாரம் மாதிரி ஒரே சீராக அடிப்பதில்லை. இரண்டு துடிப்புக்கு நடுவே உள்ள இடைவெளி கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். பொதுவாக, நன்றாக ஓய்வெடுத்த உடம்பில் இந்த மாறுபாடு அதிகம். களைத்த உடம்பில் குறைவு. தினமும் கண் விழித்ததும், எழுந்திருக்கும் முன்பே, நெஞ்சுப் பட்டையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் படுத்தபடி அளப்பேன். என் சராசரி 62. கிளம்பிய அன்று 52. நாலு மணிக்கு எழுந்ததால் என்று விட்டுவிட்டேன். மலையில் விடிந்த முதல் காலையில் 41. நாடித்துடிப்பும் வழக்கமான ஐம்பதிலிருந்து ஐம்பத்தெட்டுக்கு ஏறியிருந்தது.

ஆனால் கால்கள் ஜம்மென்று இருந்தன. பஸ் அலுப்பு, மலைக் குளிர், புது இடம் என்று எனக்கு நானே வக்கீலாகி வாதாடி, ஷூவை மாட்டிக்கொண்டு ஆறரை மணிக்கு வெளியே வந்தேன்.

கோவிந்தன் ஏர் பூட்டப் போனவர், செவலை மாட்டின் முன் நின்று அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நுகத்தடியைத் திரும்பச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

"இன்னாங்க, ஏர் ஓட்டலையா?"

"செவலை அசை போடல சார். நேத்தே பாதித் தவுட்ட மிச்சம் வச்சிடுச்சு."

"பாக்க நல்லாத்தானே நிக்குது?"

"நிக்கும். கட்னா இழுக்கவும் இழுக்கும். அப்பாலதான் படுத்துக்கும்."

முந்தாநாள் பெய்த மழையை நம்பித்தான் அவர் விதைக்கக் காத்திருந்தார். "ஈரம் காஞ்சிடுமே?" என்றேன்.

"காயட்டும் சார். மழ மறுபடி வரும். மாடு வருமா?" என்றவர், என் சட்டைக்குள் தெரிந்த பட்டையைப் பார்த்து, "அது இன்னா?" என்றார். சொன்னேன். எண்களையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"அப்ப நீங்களும் அசை போடல. உள்ள போய்ப் படுங்க."

ஞானமெல்லாம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஒரு வருட விதைப்பையே தள்ளிப்போடுகிற மனிதர் முன்னால் ஷூவோடு நிற்க வெட்கமாகவும் இருந்தது. போய்ப் படுத்தேன். ஒன்பதரைக்குக் குளிர ஆரம்பித்தது. ஓடியிருந்தால் அந்த நேரம் செல்போன் சிக்னல் இல்லாத காட்டில், இருபதாவது கிலோமீட்டரில் இருந்திருப்பேன். கோவிந்தன் பைக்கில் ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நூற்றியொன்று டிகிரி. அன்று அந்த வீட்டில் இரண்டு நோயாளிகள்: செவலைக்கு வெற்றிலையில் மிளகு, எனக்கு ராஜியின் மிளகு ரசம். பெட்ரோலுக்குக்கூட அவர்கள் காசு வாங்கவில்லை. இந்தக் கட்டுரை எழுத முக்கியக் காரணமே அந்த இருவருக்கும் நன்றி சொல்வதுதான்.

போகிறவர்களுக்கு: தெர்மாமீட்டரும் காய்ச்சல் மாத்திரையும் பையில் இருக்கட்டும். இறங்கும் பஸ் நேரத்தை ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஹெச்.ஆர்.வி. அளப்பவர்கள் குறைந்தது மூன்று வாரம் அளந்து சொந்தச் சராசரியைக் கண்டுபிடியுங்கள். நண்பரின் எண்ணோடு ஒப்பிடுவதில் பயனில்லை. தூக்கம் கெட்டாலும் குடித்தாலும் அது குறையும், எனவே ஒரு நாள் இறங்கியதற்குப் பதற வேண்டாம். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் இறங்கி, நாடியும் ஏறினால், கால் என்ன சொன்னாலும் ஓடாதீர்கள்.

காய்ச்சல் விட்டு, டாக்டர் சரி என்ற பிறகு, பத்து நாள் கழித்துதான் மெதுவாக ஓட ஆரம்பித்தேன். அந்த இருபத்தெட்டு கிலோமீட்டர் பாக்கியாகவே நின்றுவிட்டது. பந்தயத்தன்று காலை எண் 63. கிளம்பும் முன் கோவிந்தனுக்குப் போன் போட்டு, செவலை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"அது நாலாம் நாளே ஏர்ல போச்சு சார். மழயும் வந்துச்சு, வெதச்சாச்சு. நல்லா அசை போடுது. நீங்க?"

"போடறேங்க" என்றேன்.

"அப்ப ஓடுங்க."

ஓடினேன். ஏழு மணி நாற்பது நிமிடம். எனக்குப் பின்னால் நாலே பேர். முடித்ததும் முதல் போன் வீட்டுக்கு, இரண்டாவது மலைக்கு.