கூட்டிப் பார்த்தவரும் கேட்டுப் பார்த்தவரும்

வியாழக்கிழமை காலை எங்கள் மோட்டார் பஸ் என் மளிகைக் கடை வாசலில் வந்து நின்றது. அங்கே அது நிற்பதே இல்லை. டிரைவர் இறங்கி வந்து, "பாய் பூட்டாரு, அண்ணாத்தே" என்றார். உட்காரச் சொன்னேன். இருவருமே உட்காரவில்லை.

பூந்தமல்லிக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை ஹமீது பாயை அறியாதவர்கள் உங்களில் யாரும் இல்லை. அவர் இறந்ததை அழுதுகொண்டே எழுதினால் அவருக்குப் பிடிக்காது. அதனால் எங்கள் பழைய சண்டையைச் சொல்கிறேன்.

இருவரும் கடைகளை அடகு வைத்துக் கொஞ்சம் முதல் திரட்டினோம். பாரிவாக்கத்தில் நெல் மில் வைக்கலாம் என்றேன் நான். மாங்காட்டிலிருந்து ஆவடி ரயிலடிக்குப் பஸ் விடலாம் என்றார் அவர். எது தப்பினாலும் இரண்டு கடையும் போய்விடும். நான் கணக்குப் போட்டுக் கொண்டுபோனேன். மில்லில் போட்ட முதல் சீக்கிரம் திரும்பும்; பஸ்ஸில் அதைப் போல் இரண்டு மடங்கு காலம் ஆகும்.

பாய் பொறுமையாக முழுவதையும் பார்த்தார். "கூட்டிப் பாத்துகீறே, சரி. கேட்டுப் பாத்தியா?" என்றார்.

யாரைக் கேட்பது? நான் கடைக்கு வருகிறவர்களிடமே சாமானுக்கு மேல் பேசாதவன். அவரே கடையைப் பூட்டிவிட்டுப் பாரிவாக்கம் போனார். நெல் குத்திப் பிழைக்கும் பெண்கள், "மிஷினு வந்தா எங்க ஊட்ல அடுப்பு எப்டி எரியும், பாய்?" என்று கேட்டார்களாம். ஊரே அவர்கள் பக்கம். என் கணக்கில் நெல் இருந்தது, குத்துகிறவர்கள் இல்லை. மில் பேச்சை விட்டோம்.

அதற்காக அவர் கணக்கை மதிக்காதவர் அல்லர். மாங்காட்டுப் பூக்காரிகள் எல்லோரும் பஸ்ஸில் வருவோம் என்றதும் நான் சந்தோஷத்தில் குதித்தேன். "வரேன்னு சொல்றதுக்குக் காசா பணமா? டிக்கெட்டு எவ்ளோன்னு சொல்லி மறுபடி கேக்கணும்" என்று திரும்பப் போனார். பாதிப் பேர் நழுவிவிட்டார்கள். மீதிப் பேர், கூடையைக் கூரைமேல் ஏற்றக் கூடாது, வெயிலில் பூ வாடிவிடும் என்றார்கள்.

உடனே கூடைகளை உள்ளே வைக்கப் பின் பெஞ்சைக் கழற்றச் சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அத்தினி சீட்டும் பூட்டா என் கணக்கு இன்னா ஆவறது?"

"பூ ஏறலேன்னா பூக்காரியும் ஏற மாட்டா, நைனா. கயட்டிட்டு மறுபடி கூட்டு."

கூட்டினேன். மெலிந்த லாபம்தான், ஆனால் நஷ்டமில்லை. பஸ் ஓடியது, கடைகள் மீண்டன. இதைப் படித்துவிட்டு அவரை மகானாக்கிவிடாதீர்கள். குத்தம்பாக்கத்தில் இன்னொருவர் வைத்த மில் எங்களைவிட நன்றாகவே சம்பாதித்தது. அதைச் சொல்லி வருஷக்கணக்காக அவரைச் சீண்டினேன். "அவுங்க கேட்டுப் பாத்திருப்பாங்க" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்கு எரிச்சலாக இருக்கும். இப்போது அதற்காக ஏங்குகிறேன்.

அடக்கத்துக்கு மறுநாள், மரியாதைக்காகப் பஸ்ஸை நிறுத்திவைக்க நினைத்தேன். ஏதோ தோன்றி, முதலில் மாங்காடு போய்ப் பூக்காரிகளைக் கேட்டேன். "வண்டிய நிறுத்திட்டா இத்தினி பூவ யார் தலையில வெக்கிறது? உன் தலையிலயா?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நானும் சிரித்தேன். பஸ் கிளம்பியது.

முன்பின் தெரியாதவர்கள் முன்னால் போய் நின்று, கேலிக்கு ஆளாகி, பதிலை வாங்கிக்கொண்டு திரும்பும் அந்த வெட்கங்கெட்ட தைரியம்தான் அவர் எனக்கு விட்டுப்போனது. அவர் இருந்தவரை எனக்கும் சேர்த்து அவரே போய்க் கேட்டார். இனி நான்தான் போக வேண்டும். போவேன்.