கட்டுராமு அண்ணன் மாற்றிய கேள்வி

கட்டுராமு அண்ணன் எங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு வரும் முன், ஃபோர்ட் போர்ட்டல் ஊரின் கடைவீதியில் ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்தவர். கல்லூரிக்குப் பழைய கணினிகள் வந்து இறங்கியபோது, தூசி படாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று கூட்டி வந்தார்கள். பிறகு மாலை வகுப்பில் சேர்ந்து கணினித் தொழிலைப் படித்துக்கொண்டார். கணினி அறைக்கு எதிரே தேநீர் விற்பவள் நான். கல்லூரிச் சிற்றாலயத்தைக் கூட்டுவதும் நான்தான். கடவுள் தந்த அந்த இடத்தில் இருந்தபடியே அவரை இத்தனை காலமாகப் பார்த்து வருகிறேன்.

ஒவ்வொரு கணினிக்கும் அவர் மனைவி பூப்போட்ட துணியில் உறை தைத்துக் கொடுத்திருந்தாள். கரும்பு கடித்த கையோடு யாரும் உள்ளே போக முடியாது. எழுந்து போகிறவர்கள் தங்கள் கணக்கை மூடிவிட்டுத்தான் எழ வேண்டும். மறந்தால் வாசல் வரை குரல் வரும்.

"யாருப்பா அது, வீட்டைத் திறந்து போட்டுட்டு ஊருக்குக் கிளம்புனது?"

வெளியாட்களுக்கு ஜன்னலோரம் ஒரே நாற்காலி. ஒரு முறை பிஷப் வந்து காலியாயிருந்த மாணவர் இடத்தில் உட்காரப் போனார். கூட வந்த குருவானவர் பதறினார்.

"அண்ணே, இவரு பிஷப்பு!"

"கும்பிடுறேன் சாமி. விருந்தாளி நாற்காலி அந்தப் பக்கம் இருக்கு."

பிஷப் சிரித்துக்கொண்டே எழுந்து போனார். அன்றைக்கு ஆசீர்வாதம் முதலில் அண்ணனுக்குத்தான் கிடைத்தது.

இவ்வளவு கண்டிப்பான மனிதரின் அறையில்தான் அந்த வினை நடந்தது. கடைசி வருட மாணவர்களுக்குத் தலைவி கொபுசிங்கே. சிற்றாலயத்தில் என் பக்கத்தில் நின்று பாடும் பெண். ஒரு வெள்ளிக்கிழமை அவள் கணக்கிலிருந்து வகுப்பு முழுவதற்கும் ஒரு செய்தி போயிருக்கிறது: திங்கட்கிழமைத் தேர்வு தள்ளிப்போய்விட்டது, ஊருக்குப் போகிறவர்கள் போகலாம். தலைவி சொன்னால் நம்பாமல் இருப்பார்களா? பாதிப் பேர் மூட்டை கட்டிவிட்டார்கள். திங்கட்கிழமை தலைநகர் கம்பாலாவிலிருந்து தேர்வாளர் வந்து நின்றார். தேர்வு அறையில் பாதிப் பெஞ்சுகள் காலி.

அந்தச் செய்தி போன நேரத்தில் கொபுசிங்கே என்னோடு பாட்டுப் பயிற்சியில் இருந்தாள். முதல்வரிடம் அதைச் சொன்னேன்.

"அப்ப இன்னும் மோசம்மா," என்றார் முதல்வர் பசெமேரா அம்மா. "இவ அனுப்பலேன்னா, பாஸ்வேர்டை எவனுக்கோ குடுத்திருக்கா. ரெண்டுக்கும் தண்டனை ஒண்ணுதான்."

தண்டனை என்றால் இறுதித் தேர்வு எழுத முடியாது. ஒரு வருடம் போய்விடும். அடுத்த வருடம் படிக்க வைக்க வீட்டில் ஆளில்லை. அவள் பள்ளிக்கூட வாத்தியாராவதற்காகத் தம்பி தங்கைகள் எல்லாம் காத்திருந்தார்கள்.

"அம்மா சத்தியமா யாருக்கும் சொல்லலக்கா," என்று என் தோளில் அழுதாள். எனக்கு ஜெபம் பண்ணுவதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

விசாரணை நாளன்று தேநீர்க் கெண்டியோடு நானும் உள்ளே போனேன். மேசையைச் சுற்றி ஐந்தாறு ஆசிரியர்கள். கதவோரம் கட்டுராமு அண்ணன், முகம் செத்துப்போய். கொபுசிங்கே வந்து முழங்காலிட்டு வணங்கினாள். கோபம் எவ்வளவு இருந்தாலும் எங்கள் பக்கத்தில் எம்பாக்கோ கேட்காமல் பேச்சைத் தொடங்க மாட்டார்கள். பிறந்ததும் பாசமாக இடுகிற, எல்லோரும் கூப்பிடுகிற பெயர் அது. மொத்த ஊருக்கும் ஒரு பன்னிரண்டு பெயர்தான், அதையே எல்லோரும் பங்கிட்டுக்கொள்கிறோம். கேட்டால் மறைப்பது மரியாதை இல்லை.

"உன் எம்பாக்கோ என்னம்மா?" என்றார் முதல்வர்.

"அகீகி, அம்மா."

"சொல்லு அகீகி, பாஸ்வேர்டை யாருக்குக் குடுத்தே?"

கதவோரத்தில் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டார்.

"என்ன அராலி, மயக்கமா?" என்று அண்ணனை அவர் எம்பாக்கோ சொல்லிக் கேட்டார் முதல்வர்.

"அம்மா... அந்தப் புள்ள இப்பத்தான் குடுத்துச்சு. உங்க கையில. நம்ம எல்லார் முன்னாடியும்."

யாருக்கும் புரியவில்லை. அவர் எழுந்து நின்று விளக்கினார். கடவுச்சொல் மறந்தவர்களுக்குக் கணினி ஒரு கேள்வி கேட்கும். சரியான பதில் சொன்னால் உள்ளே விட்டுவிடும். எந்தக் கேள்வி வைப்பது என்று அவர் யோசித்தபோது, யாரும் மறக்கவே முடியாத ஒன்றை வைக்க நினைத்திருக்கிறார். உன் எம்பாக்கோ என்ன?

"எல்லாருக்கும் அந்தக் கேள்விதான் வச்சேன். உங்களுக்கும்தாம்மா."

"எனக்குமா?"

"நான் உங்க கணக்கைத் தொடக்கூடாது. நீங்களே பாருங்க."

முதல்வர் மேசையிலிருந்த கணினியைத் தன் பக்கம் திருப்பினார். மறந்துவிட்டது என்ற இடத்தை அழுத்தினார். தன் எம்பாக்கோவை, அப்வோலி என்று அடித்தார். அவருடைய கடிதங்களெல்லாம் வரிசையாகத் திறந்துகொண்டன.

"சந்தைல வாழைப்பழம் விக்கிறவ கூட என்னை அப்வோலின்னுதானே கூப்பிடுறா!" என்றார் முதல்வர்.

மூத்த ஆசிரியர் ஒருவர் முதலில் சிரித்தார். பிறகு முதல்வரே கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

"தப்பு என்னுதும்மா. என்னை அனுப்பிடுங்க. அந்தப் புள்ள பரிட்சை எழுதட்டும்."

"உன்னை அனுப்பிட்டு அந்தக் கேள்வியை யாரு மாத்துறது? போ, இன்னிக்கே மாத்து. அகீகி, எந்திரிம்மா. போய்ப் படி."

எல்லோர் கோப்பையிலும் இன்னொரு சுற்றுத் தேநீர் ஊற்றினேன். யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆண்டவரே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

விஷயம் வெளியே பரவியதும் ருசோக்கே என்கிற அதே வகுப்புப் பையன் தானாகவே அண்ணனிடம் வந்து நின்றான். அக்காவின் நிச்சயத்துக்குப் போக வேண்டியிருந்ததாம். தேர்வு தள்ளிப்போனால் தேவலை என்று தோன்றியதாம். கொபுசிங்கேயை அகீகி என்று ஆயிரம் தரம் கூப்பிட்டவன்தானே அவன், அந்தப் பதிலைப் போட்டே அவள் கணக்கில் நுழைந்து செய்தி அனுப்பியிருக்கிறான். அண்ணன் அவனை முதல்வரிடம் கூட்டிப்போய்ப் பக்கத்திலேயே நின்றார். வகுப்பு முன்னால் மன்னிப்புக் கேட்டான். அந்தப் பருவம் முழுக்கக் கணினியில் உட்கார அவனுக்கு அனுமதியில்லை. புதிதாக வருகிறவர்களிடம் வாசலில் நின்று விதிகளைச் சொல்வது அவன் வேலையானது. நன்றாகவே சொன்னான்.

புதுக் கேள்வியை அவரவரே எழுதிக்கொள்ளும்படி அண்ணன் மாற்றினார். அடுத்த வாரமே கடவுச்சொல்லோடு தன்னுடைய பதிலையும் மறந்துவிட்டு, தன் கணக்குக்குள்ளேயே நுழைய முடியாமல் என் கடைக்கு வந்து உட்கார்ந்திருந்தார்.

"சிரிக்காதே அதியேரி. டீயை ஊத்து," என்று என் எம்பாக்கோ சொல்லி அதட்டினார்.

கொபுசிங்கே தேர்வு எழுதித் தேறினாள். இப்போது கியென்ஜோஜோ பக்கம் ஒரு பள்ளியில் பாடம் நடத்துகிறாள். விடுமுறைக்கு வந்தால் முதலில் கணினி அறை வாசலில்தான் நிற்பாள். உள்ளிருந்து அண்ணன் எம்பாக்கோ கேட்பார், தெரியாதவர் மாதிரி.

"அகீகி!" என்று கல்லூரி முழுக்கக் கேட்கும்படி கத்துவாள்.